பழைய பேட்டரித் தொழிலுக்கு அனுமதி வாங்குவது எப்படி? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பகுதிக்கான முழு வழிகாட்டி

"அண்ணே, போர்டுல ஒரு லைசென்ஸ் எடுத்துக் குடுங்க. பேட்டரி பிசினஸ் பண்ணப் போறேன்." கொஞ்ச காலமாக எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. தோல் தொழிற்சாலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விண்ணப்பங்கள் தயார் செய்து கொடுப்பது என் தொழில். இப்போது அந்தக் கோப்புகளுக்குப் பக்கத்திலேயே பேட்டரிக் கோப்புகளும் அடுக்கில் ஏறிவிட்டன. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், தெருவுக்கு நான்கு மின் ஸ்கூட்டர் என்று ஆன பிறகு, பழைய பேட்டரியில் காசு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

போன் செய்கிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பேட்டரியை வாங்கி என்ன செய்யப் போறீங்க தம்பி?" பலருக்கு இதற்குப் பதில் இருக்காது. பேட்டரித் தொழிலுக்கென்று ஒரே ஒரு லைசென்ஸ் கிடையாது. நீங்கள் செய்யப்போகிற வேலையைப் பொறுத்துச் சிலருக்குப் பதிவே தேவையில்லை, சிலருக்கு நான்கு அடுக்கு அனுமதி வேண்டும்.

முதலில், நீங்கள் யார்?

2022 ஆகஸ்டில் மத்திய அரசு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. அதற்கு முன் இருந்த 2001 விதிகள் லெட்-ஆசிட், அதாவது ஈயமும் அமிலமும் உள்ள பேட்டரியை மட்டும் பேசின. புதிய விதிகள் ரிமோட்டில் போடும் சின்ன பேட்டரியிலிருந்து மின் வாகன பேட்டரி வரை எல்லா ரகத்தையும் பிடித்துக்கொண்டன. பொறுப்பு யாருக்கு என்பதையும் மாற்றின. பேட்டரியை விற்றுக் காசு பார்க்கும் உற்பத்தியாளரே அது பழசான பிறகும் பொறுப்பு. இதைத்தான் ஈபிஆர், அதாவது நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு என்கிறார்கள்.

கடை வைத்து, புது பேட்டரி கொடுத்துப் பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுப்பவருக்கு மறுசுழற்சிப் பதிவு தேவையில்லை. சேர்ந்த பேட்டரியைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ, புதுப்பிப்பவரிடமோ கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாங்கியவரின் பதிவுச் சான்று நகல் ஒன்றைக் கடையில் வைத்திருங்கள், பில்லில் அவர் பதிவு எண்ணை எழுதச் சொல்லுங்கள். குடோன் போட்டு டன் கணக்கில் சேர்த்து வைப்பவர் என்றால், அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் சேமிப்புக்குத் தனி அங்கீகாரம் வேண்டுமா என்று மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டு வந்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

பழைய பேட்டரியைப் பிரித்து, நல்ல செல்களைச் சேர்த்து மறுபடி ஓடவைத்தால் நீங்கள் புதுப்பிப்பவர். உடைத்து ஈயம், லித்தியம், நிக்கல் என்று உலோகத்தை மீட்டால் மறுசுழற்சியாளர். இந்த இருவருக்கும் மாநில வாரியத்தில் பதிவு கட்டாயம்.

இதில் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. செல் வாங்கி வந்து ஷெட்டில் பேக் கட்டி, மேலே தன் பெயரில் ஸ்டிக்கர் ஒட்டி ஈ-ஆட்டோக்காரர்களுக்கு விற்பவர், விதிகளின் கண்ணில் 'உற்பத்தியாளர்'. புதுப்பித்த பேட்டரியைச் சொந்தப் பிராண்டில் விற்றாலும் அப்படித்தான். பேட்டரியையோ பேட்டரி உள்ள சாதனத்தையோ இறக்குமதி செய்தாலும் அப்படித்தான். அவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் படிவம் 1(ஏ)-யில் தனியாகப் பதிய வேண்டும், இவ்வளவு பழைய பேட்டரி மறுசுழற்சிக்குப் போக வேண்டும் என்ற ஈபிஆர் இலக்கும் அவர்கள் தலையில் ஏறும். சின்ன ஷெட் என்பதால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

இனி சொல்வதெல்லாம் பெரும்பாலும் மறுசுழற்சி ஆலை போட நினைப்பவர்களுக்கு.

நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

எல்லோரும் ஆன்லைன் தளத்தில் இருந்து தொடங்குகிறார்கள். நான் சர்வே எண்ணிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

குடியாத்தம் பக்கத்து நண்பர் ஒருவர் மூன்று லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். பட்டாவையும் நில அளவை வரைபடத்தையும் வைத்து அளந்து பார்த்தேன். பாலாற்றங்கரை இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தது. "ஆத்துல தண்ணியே இல்லையே அண்ணே" என்றார். தண்ணீர் ஓடுகிறதா என்பதை அரசாணை பார்ப்பதில்லை, கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைத்தான் பார்க்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு அரசாணைகள் உண்டு. 1989-ஆம் ஆண்டின் 213-ஆம் எண் ஆணை, ஆறு, ஓடை, நீர்த்தேக்கம் போன்ற நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் மிகுந்த மாசு உண்டாக்கும் தொழில்கள் வருவதைத் தடுக்கிறது. 1998-ஆம் ஆண்டின் 127-ஆம் எண் ஆணை, காவிரியும் அதன் துணை ஆறுகளும், பெண்ணையாறு, பாலாறு, வைகை, தாமிரபரணி ஆகிய ஆறுகளுக்கு அந்தத் தூரத்தை 5 கிலோமீட்டர் ஆக்கியது. பட்டியலில் நம் பாலாறு இருப்பதைக் கவனியுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை எல்லாமே ஆற்றை ஒட்டி வளர்ந்த ஊர்கள். 5 கிலோமீட்டர் என்று கோடு போட்டால் பாதி ஊர் உள்ளே வந்துவிடும். உங்கள் செய்முறை அந்த ஆணைகளின் தொழில் பட்டியலில் விழுமா என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பதில் கிடைத்த பிறகு நிலத்தைப் பேசுங்கள். நண்பரின் அட்வான்ஸ் ஒரு வருடம் மாட்டிக்கொண்டு, பாதிதான் திரும்பியது.

இந்தக் கண்டிப்பை நான் குறை சொல்லமாட்டேன். பாலாற்றில் மேலே மணல்தான் தெரியும், தண்ணீர் அடியில் இருக்கும். ஆற்றுக்குள் கிணறு போட்டுத்தான் எத்தனையோ ஊர்களுக்குக் குடிதண்ணீர் போகிறது. தோல் கழிவு அந்தத் தண்ணீரை என்ன செய்தது என்று நம்மில் வயதானவர்களுக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பது நாட்டின் சட்டமாக உறுதியானது. நாடு முழுக்க அந்த வழக்கை வேலூர் பெயரால்தான் சொல்கிறார்கள். தோல் கழிவில் இருக்கும் குரோமியத்துக்கு ஈயம் குறைந்த விஷம் இல்லை.

அடுத்தது நில வகைப்பாடு. விவசாய நிலமாகப் பதிவாகி இருந்தால் நகர் ஊரமைப்புத் துறையில் தொழில் பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டும், அதற்கே மாதங்கள் ஓடும். அதனால் சிப்காட்டிலோ சிட்கோ தொழிற்பேட்டையிலோ மனை கிடைத்தால் விலை கூடினாலும் அதையே எடுக்கச் சொல்வேன். ஆனால் அங்கேயும் எல்லாத் தொழிலையும் விடமாட்டார்கள், ஒதுக்கீட்டு ஆணையில் உங்கள் தொழிலின் பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. பழைய பத்திரங்களில் வட ஆற்காடு என்றும் வேலூர் என்றும் இருக்கும், இப்போது நிலம் ராணிப்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ இருக்கும். விண்ணப்பத்தில் இன்றைய மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றையும் விஏஓ சான்றோடு ஒத்துப்போகும்படி எழுதுங்கள். கோப்பு தப்பான மேஜைக்குப் போய்த் திரும்பி வர ஒரு மாதம் ஆகும்.

பொருள் கணக்கு: கோப்பின் உயிர் இங்கே இருக்கிறது

ஒரு தாளை எடுங்கள். இடப்பக்கம் உள்ளே வருவது, வலப்பக்கம் வெளியே போவது. இரண்டும் ஒன்றாக வர வேண்டும்.

நாளைக்கு 10 டன் லெட்-ஆசிட் பேட்டரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஈயமும் ஈயச் சேர்மங்களும் 6 டன்னுக்குக் குறையாது. பெட்டி பாலிபுரொப்பிலீன், அரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே. மீதியில் பெரும்பங்கு கந்தக அமிலத் தண்ணீர், கூடவே தட்டுகளுக்கு நடுவில் இருக்கும் செப்பரேட்டர். இப்போது ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும் இடத்தை எழுதுங்கள். பெட்டி கழுவிப் பொடியாகி பிளாஸ்டிக் காரரிடம் போகும். கழுவிய தண்ணீர் எங்கே? அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டுச் சமன்படுத்தினால் ஜிப்சம் மண்டி வரும், அதில் ஈயம் கலந்திருக்கும், அது எங்கே? உலையில் வரும் கசடு எங்கே? புகையிலிருந்து தூசியைப் பிடிக்கும் பை வடிகட்டியில் சேரும் தூசி மறுபடி உலைக்கே போகிறதா? எங்கேயாவது ஒரு கேள்விக்குப் பதில் காலியாக இருந்தால், ஆய்வுக்கு வரும் பொறியாளர் நேரே அந்த இடத்தில் கை வைப்பார்.

அந்தக் காலி இடம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை நேரிலேயே பார்த்தேன். காயலான் கடை ஒன்றின் பின்புறம். பத்தடி அகலத்துக்கு மண் வெள்ளையாகப் பொரிந்து, கால் வைத்தால் அப்பளம்போல் நொறுங்கியது. சுவரோரம் இருந்த வேப்பமரத்தில் அந்தப் பக்கத்துக் கிளைகள் மட்டும் காய்ந்திருந்தன. வாங்குகிறவர் அமிலத்துக்கு எடை கழித்துவிடுகிறார் என்பதால், எடை மேடைக்கு ஏற்றும் முன் ஒவ்வொரு பேட்டரியையும் அங்கே கவிழ்த்திருக்கிறார்கள். அதிலிருந்து இருபதடி தூரத்தில் ஒரு கைபம்பு இருந்தது. அதனால்தான் சொல்கிறேன்: பேட்டரியை அமிலத்தோடு, நிமிர்த்தி வைத்து வாங்குங்கள், அமிலம் கொட்டிய பேட்டரி வேண்டாம் என்று சப்ளை செய்பவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், விலையையும் அதற்கேற்பப் பேசுங்கள்.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால்தான் வயலோரத்தில் குழி தோண்டி, கரி போட்டு ஊதிக் காய்ச்சும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் தட்டில் அப்பியிருக்கும் பசை பெரும்பாலும் ஈய சல்ஃபேட். அதிலிருந்து ஈயம் பிரிய 1000 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அந்தச் சூட்டில் எழும் புகையில் ஈயமும் கந்தக டை ஆக்சைடும் சேர்ந்தே போகும். ஆகவே மூடிய உலை, பை வடிகட்டி, புகையைக் கழுவும் ஸ்க்ரப்பர், உயரமான புகைபோக்கி நான்கும் இல்லாத திட்டத்தை நான் கையெழுத்துக்கே எடுப்பதில்லை. பேட்டரி உடைக்கும் தளம் அமிலம் தாங்கும் பூச்சோடு, ஒரு பக்கம் சரிவாக, சரிவின் முடிவில் தொட்டியோடு இருக்க வேண்டும். மேலே கூரை கட்டாயம், மழைத்தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே வரக்கூடாது.

லித்தியம் வேறு கதை. அதில் பயம் நெருப்புதான். முனைகளை டேப் ஒட்டி, சார்ஜை இறக்கி, அடுக்குக்கு அடுக்கு இடைவெளி விட்டுத் தனி அறையில் வைக்க வேண்டும். பொடியாக்கி, உலோகங்கள் கலந்த கறுப்புப் பொடியான பிளாக் மாஸ் எடுத்து விற்பதோடு நிறுத்தப்போகிறீர்களா, உலோகம் வரை பிரிக்கப்போகிறீர்களா என்பதைத் திட்ட அறிக்கையில் தெளிவாக எழுதுங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதியும் நிறுவ இசைவும்

ஈயம் உருக்கும் திட்டம் என்றால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை உங்களுக்குப் பொருந்தும். ஆண்டுக்கு 20,000 டன் என்பது அதில் எல்லைக்கோடு. அதற்கு மேலே என்றால் அனுமதி தருவது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், கீழே என்றால் மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். விண்ணப்பம் அந்த அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில். இது தனியாக ஒரு வழிகாட்டி எழுதும் அளவுக்குப் பெரிய வேலை, அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் இல்லாமல் இறங்க முடியாது. உருக்காமல் பிரிப்பதோடு நிறுத்துகிறவர்கள் தங்களுக்கு இது பொருந்துமா என்று முதலிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

அடுத்து ஆலை கட்டுவதற்கான நிறுவ இசைவு, நம் ஆட்கள் சிடிஇ என்பது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இரண்டின் கீழும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆன்லைன் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பட்டா, சிட்டா, பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், நில அளவை வரைபடம், சுற்றிலும் என்ன இருக்கிறது என்று காட்டும் வரைபடம், ஆலை அமைப்பு வரைபடம், செய்முறை விளக்கம், பொருள் கணக்கு, தண்ணீர்க் கணக்கு, சுத்திகரிப்பு நிலையத் திட்டம், முதலீட்டு மதிப்புக்கு ஆடிட்டர் சான்று. கட்டணம் முதலீட்டைப் பொறுத்தது, அதனால் ஆடிட்டர் எழுதும் தொகையும் திட்ட அறிக்கையில் இருக்கும் தொகையும் ஒன்றாக இருக்கட்டும். ஈய மறுசுழற்சி, மாசு அதிகம் உண்டாக்கும் தொழில்களுக்கு வாரியம் வைத்திருக்கும் சிவப்பு வகையில் வரும். மாவட்ட அலுவலகத்தில் ஆய்வு முடிந்ததும் கோப்பு மேலே போகும், பொறுமை வேண்டும்.

சிடிஇ கைக்கு வரும் வரை ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். முன்னதாகக் கட்ட ஆரம்பித்து, ஆய்வுக்கு வந்தவர் படம் எடுத்துக்கொண்டு போன பிறகு ஓடி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

கட்டட அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று, மின் இணைப்பு, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் உரிமம் எல்லாம் மற்ற ஆலைகளுக்குப் போலத்தான்.

இயக்க இசைவும் அபாயகரக் கழிவு அங்கீகாரமும்

கட்டி முடித்த பிறகு இயக்க இசைவுக்கு, அதாவது சிடிஓவுக்கு, விண்ணப்பியுங்கள். சிடிஇ ஆணையின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே என்ன செய்தீர்கள் என்று எழுதி, படம் ஒட்டி ஓர் இணைப்பு வையுங்கள். இந்த ஒரு இணைப்பு ஆய்வுக்கு வருகிறவரின் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

கூடவே 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் படிவம் 1-ல் அங்கீகாரம் கேளுங்கள். கசடு, மண்டி, வடிகட்டித் தூசி என்று உங்கள் ஆலையில் உண்டாகும் ஒவ்வொன்றையும் அளவோடு குறிக்க வேண்டும். பொருள் கணக்கை ஒழுங்காகப் போட்டிருந்தால் இதைப் பார்த்து எழுதினால் போதும். ஆணை படிவம் 2-ல் வரும், ஐந்து ஆண்டுக்குச் செல்லும். கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. அதனால் கும்மிடிப்பூண்டியில் இருப்பதுபோன்ற பொது அபாயகரக் கழிவு நிலையத்தில் முன்பே உறுப்பினராகி, அந்த ஒப்பந்த நகலையும் விண்ணப்பத்தோடு வையுங்கள்.

பேட்டரி விதிகளின் கீழ் பதிவு

இவ்வளவும் கையில் இருந்தால்தான் மத்திய வாரியத்தின் பேட்டரி ஈபிஆர் தளத்தில் படிவம் 2(ஏ) நிரப்ப முடியும். தளம் மத்திய வாரியத்துடையது, பரிசீலித்துப் பதிவு கொடுப்பது மாநில வாரியம். சான்று படிவம் 2(பி)-யில் வரும். ஜிஎஸ்டி, பான், இசைவாணைகள், அபாயகரக் கழிவு அங்கீகாரம், இயந்திரங்களின் விவரம், இடக்குறியீடு பதிந்த படங்கள், ஆலை ஓடும் வீடியோ எல்லாம் தயாராக இருக்கட்டும்.

நான் பார்த்தவரை கோப்பு திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்ன விஷயங்கள். ஜிஎஸ்டியில் கதவு எண், இசைவாணையில் சர்வே எண், பதிவில் வேறொரு முகவரி. சிடிஓவில் மாதத்துக்கு 250 டன், படிவத்தில் நாளுக்கு 10 டன் என்று போட்டு மாதத்துக்கு 300 ஆக்கிவிடுவது. ராத்திரி உட்கார்ந்து நான்கு ஆணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே அளவு என்று சரிபாருங்கள்.

படிவ எண்களிலும் குழம்பாதீர்கள். அபாயகரக் கழிவு விதிகளில் படிவம் 3 என்பது தினசரிப் பதிவேடு, பேட்டரி விதிகளில் அது உற்பத்தியாளரின் ஆண்டறிக்கை. அங்கே படிவம் 4 என்பது ஜூன் 30-க்குள் தரும் ஆண்டறிக்கை, இங்கே அது மறுசுழற்சியாளரின் காலாண்டு அறிக்கை. இரண்டு விதிகளுக்கும் இரண்டு நிறக் கோப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

ஆலை ஓடத் தொடங்கிய பிறகு

ஒவ்வொரு காலாண்டும் முடிந்து அடுத்த மாத இறுதிக்குள் படிவம் 4 போக வேண்டும்: எவ்வளவு வந்தது, எவ்வளவு மறுசுழற்சி ஆனது, எவ்வளவு கழிவு எங்கே போனது. பேட்டரியிலிருந்து மீட்கும் பொருளின் அளவுக்கும் குறைந்தபட்ச எல்லை உண்டு. வாகன பேட்டரிக்கும் தொழிற்சாலை பேட்டரிக்கும் 2024-25-ல் 55 சதவீதம், 2025-26 முதல் 60. கையடக்க பேட்டரிக்கும் மின் வாகன பேட்டரிக்கும் 70, 80, பிறகு 2026-27 முதல் 90.

மீட்ட உலோகத்துக்கு ஏற்பத் தளத்தில் ஈபிஆர் சான்றுகள் உங்கள் கணக்கில் உருவாகும். உற்பத்தியாளர்கள் தங்கள் இலக்கை முடிக்க அவற்றை உங்களிடம் வாங்குவார்கள். ஏழு ஆண்டு செல்லும். உருக்காத ஈயத்துக்குச் சான்று போட்டால் பதிவும் போகும், இழப்பீடும் விழும், அதோடு வழக்கும் வரும். எடை மேடைச் சீட்டு, ஜிஎஸ்டி பில், மின்கட்டணம் மூன்றையும் வைத்துப் பார்த்தாலே பொய் வெளியே வந்துவிடும்.

லாரியில் அபாயகரக் கழிவு போகும்போது படிவம் 10 மேனிஃபெஸ்ட், அதாவது சரக்குச் சீட்டு, கூடவே போக வேண்டும். ஏழு நகல்கள், ஏழு நிறம்: வெள்ளை உங்கள் வாரியத்துக்கு, மஞ்சள் உங்களுக்கு, இளஞ்சிவப்பு பெறுபவருக்கு, ஆரஞ்சு வண்டிக்காரருக்கு. பச்சையைப் பெறுபவர் வாரியத்துக்கு அனுப்புவார், நீலம் உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். நீலம் வராவிட்டால் சரக்கு போய்ச் சேர்ந்ததற்கு உங்களிடம் சாட்சி இல்லை, போன் போட்டுத் துரத்துங்கள். சாம்பல் நிறம் வெளிமாநிலம் போகும்போது. நமக்கு இது அடிக்கடி தேவைப்படும், காட்பாடி தாண்டினால் சித்தூர் மாவட்டம். மறுசுழற்சிக்காக எல்லை தாண்டும் கழிவைப் பற்றி, வண்டியில் ஏற்றும் முன்பே இரண்டு மாநில வாரியங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். டிரைவர் கையில், வழியில் விபத்து நடந்தால் என்ன செய்வது என்று சொல்லும் படிவம் 9 அவசரக் குறிப்பு இருக்க வேண்டும், அதை அவர் படிக்கும் மொழியில் கொடுங்கள்.

இசைவு மறுக்கப்பட்டால் ஆணை கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஆனால் மறுப்பு ஆணையில் எழுதிய காரணத்தைச் சரிசெய்து திரும்ப விண்ணப்பிப்பது பல நேரம் சீக்கிரம் முடியும்.

கடைசியாக, எந்தப் படிவத்திலும் பெரிதாகக் கேட்காத ஒன்று. ஆலைக்குள் குளியலறையும், துணி துவைக்கும் இடமும், இரண்டு கதவு உள்ள உடை மாற்றும் அறையும் வரைபடத்திலேயே போடுங்கள். ஒரு கதவால் வீட்டுத் துணியோடு வந்து வேலைத் துணிக்கு மாறி அடுத்த கதவால் உள்ளே போக வேண்டும், திரும்பும்போது குளித்துவிட்டு வர வேண்டும். ஈயத் தூசி சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும், அப்பா வந்ததும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தையின் உடம்பில் சேரும். பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகளின் மூளையைத்தான் ஈயம் அதிகம் பாதிக்கிறது. வேலைக்குச் சேரும் அன்றே ஒவ்வொருவருக்கும் ரத்தத்தில் ஈய அளவு பார்த்து எழுதி வையுங்கள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். அளவு ஏறுகிறது என்றால் அந்த ஆளை உலைப் பக்கத்திலிருந்து மாற்றி, பை வடிகட்டியில் எந்தப் பை கிழிந்திருக்கிறது என்று அன்றைக்கே ஏறிப் பாருங்கள்.